இன்னாசிராஜின் எட்டுப் பேர்

போன ஏப்ரல் வரைக்கும் பூப்பாறை முக்கில் காலை ஆறரைக்கு இன்னாசிராஜ் ஆள் கணக்கெடுப்பதைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கையில் தாள்கூட இல்லாமல், எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். "சூசை" என்பார். சூசையின் மகன் ஜின்சன் "வந்தாச்சு" என்பான். "திரவியம்" என்பார். திரவியத்தின் மச்சினன் "வந்தாச்சு" என்பான். "வீரபாண்டி" என்பார். மடியில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாரீஸ்வரி, தலைமுண்டை இழுத்துக் கட்டியபடியே, "வந்தாச்சு" என்பாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஜீப் கிளம்பிவிடும்.

இன்னாசிராஜுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. ஏலத்தோட்டங்களில் நிழல்மரம் கவாத்து வெட்டுகிற வேலையை எடுத்துச் செய்கிறார். காண்ட்ராக்டர் என்றதும் கார், தொப்பை, கழுத்துச் சங்கிலி என்று நினைத்துவிட வேண்டாம். வாடகை ஜீப், ஆறு வெட்டுக்கத்தி, நாலு வடக்கயிறு, எட்டு ஆள், அவ்வளவுதான் அவருடைய கம்பெனி. மழைக்கு முந்தின இரண்டு மாசம்தான் பெரிய வேலை. மரத்தின் மேலே ஏறிக் கொம்பை வெட்ட வேண்டும். வெட்டிய கொம்பு சொத்தென்று விழுந்தால் கீழே இருக்கிற ஏலச்செடியின் காய்ச் சரமெல்லாம் நசுங்கிப் போகும். அதனால் கொம்பில் கயிறு கட்டி, கீழே ஒருத்தர் நின்று, மெள்ள மெள்ள இறக்க வேண்டும். ஏறுகிறவனைவிட இறக்குகிறவருக்குத்தான் நிதானம் வேண்டும் என்று இன்னாசிராஜ் சொல்லுவார். மாரீஸ்வரி இறக்கினால் ஒரு சரம்கூட முறியாது.

அவருடைய கூட்டத்தில் இடம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் தம்பி வருவான். தம்பிக்குக் கல்யாணம் என்றால் மாமன் வருவார். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். முதல்முதலில் எவன் வந்து சேர்ந்தானோ அவன் பேர்தான் அந்த இடத்துக்குப் பேர். சூசை முட்டி தேய்ந்து கட்டிலோடு கிடக்கிறார், ஆனால் காலையில் அவர் பேர் ஜீப்பில் ஏறிவிடும். திரவியம் திருப்பூருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீரபாண்டி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த பதினேழாம் நாள் அவன் பெண்சாதி மாரீஸ்வரி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முக்கில் வந்து நின்றாள். இன்னாசிராஜ் வழக்கம் போல "வீரபாண்டி" என்று கூப்பிட்டார். அவளும் "வந்தாச்சு" என்றாள். அன்றோடு சரி.

இந்த வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இன்னாசிராஜ் இருபத்தோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்சூரன்ஸ் சீட்டும் அதே மாதிரிதான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டாயிரத்து நாலுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னால் தோட்டத்துக் கேட்டில் சீட்டாவது ஒன்றாவது. "யாரு ஆளுக?" என்று வாட்ச்மேன் கேட்பார். "இன்னாசி ஆளுக" என்றால் சங்கிலி இறங்கிவிடும். அந்த வருஷம்தான் பள்ளிவாசல் பக்கம் கரண்ட் லைனுக்கு அடியில் மரம் வெட்டுகிற வேலை ஒரு பெரிய காண்ட்ராக்டர் மூலமாக வந்தது. அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். ஆட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்த சர்ட்டிபிகேட் இருந்தால் வா, இல்லாவிட்டால் வராதே.

இன்சூரன்ஸ் என்றால் ஆபீசர் ஒவ்வொருத்தரையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார் என்று வீரபாண்டி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து அடித்துச் சொன்னான். கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான் எட்டாவது வரை படித்தவன், மற்றவர்கள் எதிர்ப்பேச்சு பேசவில்லை. கூலியை விட்டுவிட்டு எட்டுப் பேரும் ஜீப்பில் ஏறினார்கள். எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை. இன்னாசிராஜின் பெண்சாதி செபமாலையம்மாள் கோயில் திருநாளுக்கு எடுத்து வைத்திருந்த நீலத்தைக் கரைத்து எல்லாச் சட்டையையும் அலசிக் கொடுத்திருந்தாள். மூணாறு கடைவீதியில் ஒரு மாடிப்படி ஏறி, இன்சூரன்ஸ் ஆபீசில் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருந்த ஆபீசர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், வெங்கிடேஸ்வரன் என்று பேர், முப்பத்தெட்டு வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தவர் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நேரில் வரவே வேண்டியதில்லை, பேர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய மனசு. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, பேர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். வீரபாண்டியிடம் "என்ன வேலை?" என்று கேட்டதற்கு அவன், "மரத்து மேல உக்காந்துருக்கதுங்க" என்றான். ஆபீசே சிரித்தது. சீட்டு கைக்கு வந்ததும் புரோட்டா தின்றார்கள், மாட்டுப்பட்டி அணைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தார்கள், அங்கே ஒருத்தன் போட்டோ எடுத்துக் கொடுத்தான். இன்னாசிராஜின் கல்யாணத்துக்குக்கூடப் போட்டோ கிடையாது. அந்த எட்டுப் பேர் போட்டோ இன்றைக்கும் அவர் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போவார். "மாத்தம் ஏதாவது உண்டா?" என்று கவுண்டரில் கேட்பார்கள். "ஒண்ணும் இல்ல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எட்டு வீடு அப்படியேதான் இருந்தது. கையெழுத்து கேட்ட இடத்தில் ஒப்பு போடுவார், பணத்தைக் கட்டுவார், புதுச் சீட்டு வாங்கி வருவார். தோட்டத்து ஆபீசில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு பைலில் போடுவார்கள். சீட்டில் சூசைக்கு எப்போதும் முப்பத்தெட்டு வயது, வீரபாண்டிக்கு முப்பத்து நாலு. நாள்பட நாள்பட இன்னாசிராஜுக்கு அந்தத் தாளின் மேல் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது. அந்தப் போட்டோவை விட்டால் எட்டுப் பேரும் ஒன்றாக நிற்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை மடியில் விரித்து வைத்து, பேர்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துக்கொண்டே வருவார்.

போன ஏப்ரலில்தான் இதற்கெல்லாம் வேட்டு விழுந்தது. போடிமெட்டுக்குக் கீழே அவர் பதினெட்டு வருஷமாகக் கவாத்து வெட்டுகிற தோட்டம் கை மாறி, புது முதலாளிகள் வெளிநாட்டுக்கு ஏலக்காய் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்பார்களாம். அதற்காக நர்மதா என்று ஒரு பெண்ணைச் சேப்டி ஆபீசராகப் போட்டிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரி, இருபத்தாறு வயது, தலையில் மஞ்சள் தொப்பி. ஒரு வியாழக்கிழமை காலை கேட்டில் நின்றுகொண்டு, சீட்டை வாங்கி, "எல்லாரும் எறங்கி நில்லுங்க, பேரு கூப்புடறனுங்க" என்றாள்.

சூசை என்றாள். "வந்தாச்சு" என்றான் ஜின்சன். அவள் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மேற்கொண்டு போனாள். ஒன்றொன்றாகக் கூப்பிடக் கூப்பிட, "வந்தாச்சு" சுத்தமாக வந்துகொண்டிருந்தது. வீரபாண்டிக்கு வந்த குரலைக் கேட்டதும்தான் அந்தப் பெண் தாளைக் கீழே இறக்கினாள்.

"ஏனுங்க, வீரபாண்டி யாருங்க?"

"நாந்தான்" என்றாள் மாரீஸ்வரி.

"ஆம்பளை, வயசு முப்பத்தி நாலுன்னு போட்டிருக்குதுங்க."

"அது எங்க வீட்டுக்காரரு. அவரு எறந்து பத்து வருசமாச்சு."

"அப்ப நீங்க யாருங்க?"

"வீரபாண்டி வீடு" என்றாள் மாரீஸ்வரி. இதில் என்ன சந்தேகம் என்பது போலத்தான் இருந்தது அவள் முகம்.

நர்மதா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எல்லாருடைய ஆதாரையும் வாங்கிப் பார்த்தாள். சீட்டில் இருந்த எட்டுப் பேரில் மூன்று பேர்தான் நேரில் நின்றார்கள். இன்னாசிராஜ் முன்னால் வந்து, "மேடம், இருவத்தொரு வருசமா இதே சீட்டுத்தான். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றார்.

"கேக்காம உட்டது அவங்க தப்புங்க. ஊட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கெடையாதுங்க, ஆளுக்குத்தானுங்க. திங்கக்கெழமைக்குள்ள சரியான பேரோட கொண்டாங்க. இல்லீன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

என்ன சொல்லிப் பார்த்தும் அந்தப் பெண் அசைந்து கொடுக்கவில்லை. எட்டு வீட்டுக்கும் அந்த இரண்டு மாச வேலைதான் வருஷத்துக்குச் சோறு.

மறுநாள் காலையில் இன்னாசிராஜ் மூணாறுக்கு பஸ் ஏறினார். பேர் மாற்ற வேண்டும் என்றதும் கவுண்டரில் இருந்தவர்கள் மேனேஜர் ரூமைக் காட்டினார்கள். உள்ளே போனால் வெங்கிடேஸ்வரன். ஊர் ஊராக மாற்றி, ரிட்டையர் ஆகிறதற்கு முந்தின கடைசி போஸ்டிங்காக அதே ஆபீசுக்கே திரும்பி வந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. பழைய பைலை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளச் சட்டை போட்டுண்டு எட்டு பேரா வந்து நின்னேளே, அது நீங்கதானே? கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கான்னு நெனச்சேன். நன்னா ஞாபகம் இருக்கு. உக்காருங்கோ."

இன்னாசிராஜுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நடந்ததை அறிந்த மனுஷன் இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்கிற சந்தோஷம் அது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த நாளையே பேசினார்கள். மரத்து மேலே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்ன ஆள் எங்கே என்று வெங்கிடேஸ்வரன் கேட்டார். இன்னாசிராஜ் சொன்னார். வெங்கிடேஸ்வரன் பைலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு புதுப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினார்கள். வீரபாண்டிக்கு வந்ததும் இன்னாசிராஜ் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், மத்த பேரையெல்லாம் எடுத்துருங்க. இவன் பேரு மட்டும் கெடக்கட்டும். மாரீஸ்வரிய ஒம்பதாவதாப் போட்டுக்கங்க. கூட வர்ற பணத்த நாங் கட்டிருதேன்."

"செத்துப் போனவாளுக்கு இன்சூரன்ஸ் கெடையாதாக்கும், இன்னாசி."

"பேரு மட்டும் சார். ஒரு ஓரத்துல."

வெங்கிடேஸ்வரன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்தப் பத்து வருஷத்துல அந்தப் பொண்ணுக்கு வேலையில ஏதாவது பட்டுதா?"

பட்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் முருங்கை மாதிரிப் பொசுக்கென்று ஒடிகிற ஒரு கொம்பு, கயிறு இறுகும் முன்னால் பெயர்ந்து வந்து, மாரீஸ்வரியின் தோளில் இறங்கியது. ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை. கையைத் துணியில் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவை இன்னாசிராஜ்தான் பார்த்தார். அப்போது அவளிடம், "நீ ஏன் பயப்படுத? பெருசா ஏதும் ஆச்சுன்னாலும் இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்று தைரியம் வேறு சொல்லிவிட்டு வந்தார். அவளும் சரி அண்ணே என்று தலையாட்டினாள். இதையெல்லாம் அவர் வாயாலேயே வெங்கிடேஸ்வரனிடம் சொன்னார்.

"அந்தக் கொம்பு தலையில விழுந்திருந்தா இந்தப் பேப்பர் அவளுக்காகப் பேசியிருக்காது, கேட்டேளா. அதுல அவ பேரே இல்லை. நீங்க பத்து வருஷமா இங்க பணம் கட்டினது வீரபாண்டி மரத்துலேந்து விழாம இருக்கறதுக்கு."

கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் இன்னாசிராஜுக்கு அதைவிட அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. செத்தவனைப் பிரிய மனசில்லாமல், உயிரோடு இருக்கிறவளை இன்சூரன்ஸ் இல்லாத வெறும் ஆளாக மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். அவள் ஒருத்தியை மட்டுமா. ஜின்சன் நாற்பதடி உயரத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று வெட்டுகிறவன், அவனையும்தான். வீரபாண்டி பேரில் அடிக்கிற கோட்டை நீங்களே அடித்துத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்டின இடத்தில் ஒப்பு போட்டுவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரியின் வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலிலேயே நின்று, சுற்றி வளைக்காமல், "பத்து வருசமா ஒனக்கு இன்சூரன்ஸ் இல்லம்மா. இருக்குன்னு நாஞ் சொன்னது பொய்யாப் போச்சு" என்றார்.

அவள் சொளகில் இருந்த அரிசியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"எனக்கும் தோணிருக்குண்ணே. சீட்டுல அவரு பேருதான இருக்கு, எனக்கு எப்படிக் குடுப்பாகன்னு. கேக்கல."

"ஏன் கேக்கல?"

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "காலைல நீங்க அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுவீகள்ல. அது கேக்க நல்லாருக்கும். எம் பேரக் குடுத்தா அது நின்னு போகும்."

பத்து வருஷமாக அந்தப் பேரைத் தன் ஆறுதலுக்கு மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாக இன்னாசிராஜ் நினைத்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை கேட்டில் புதுச் சீட்டு. மூலையில் ஒரு கட்டம் கட்டமான சதுரம் அடித்திருந்தது. நர்மதா போனை அதன் மேல் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, ஆதாரோடு ஒத்துப் பார்த்து, பேர் கூப்பிட்டாள். ஜின்சன் தன் பேரைக் கேட்டு ஒரு நொடி திணறிவிட்டு "வந்தாச்சு" என்றான். மூன்றாவதாக "மாரீஸ்வரி" என்றாள். பதில் இல்லை. மறுபடி "மாரீஸ்வரி" என்றாள். மற்ற ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மாரீஸ்வரி, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல, கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜின்சன் முழங்கையால் லேசாக இடித்த பிறகுதான் நிமிர்ந்து, "வந்தாச்சு" என்றாள்.

நர்மதா சங்கிலியை இறக்கச் சொன்னாள். வேலைக்குப் போகிற வழியில் மாரீஸ்வரி இன்னாசிராஜைத் தடுத்து நிறுத்தி, "அண்ணே, அதுல ஒரு போட்டோஸ்டாட் எனக்குக் குடுங்க, வீட்டுல வைக்கணும்" என்றாள். சாயங்காலம் எட்டு வீட்டுக்கும் எட்டு நகல் எடுத்துக் கொடுத்தார். முன்பே இதைச் செய்திருந்தால் முன்பே யாராவது பேரைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள் என்று செபமாலையம்மாள் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பூப்பாறை முக்கு, மூடுபனி. இன்னாசிராஜ் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார். கேட்டில் எந்தப் பேரைக் கூப்பிட்டால் என்ன, ஜீப்பில் பழைய பேர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டிலிருந்து வரும்போதே முடிவு பண்ணியிருந்தார். மாரீஸ்வரிக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைத்தார். சூசை, வந்தாச்சு. திரவியம், வந்தாச்சு.

"வீரபாண்டி" என்றார்.

பதில் வரவில்லை. மாரீஸ்வரி அவருக்கு நேர் எதிரே, மடியில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காமல் இல்லை.

"எம் பேரச் சொல்லுங்கண்ணே" என்றாள். "மரத்தடில நிக்கப் போறது நாந்தான்."

காமாலையில் கிடந்த வீரபாண்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியது இன்னாசிராஜ், பாடையில் வைத்துத் தூக்கியதும் அவர்தான். அப்போதெல்லாம் சாகாத வீரபாண்டி அவருக்கு அந்த ஜீப்பின் பின்கதவில்தான் செத்துப்போனான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவசரப்படுத்தாமல் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"மாரீஸ்வரி" என்றார்.

"வந்தாச்சு" என்றாள் அவள். மிச்சம் ஐந்து பேரையும் அவரவர் பேரைச் சொல்லியே கூப்பிட்டு முடித்துவிட்டு, இன்னாசிராஜ் கதவைச் சாத்தினார்.